அமெரிக்க அண்ணன் தம்பியும் பொதுமக்கள் பிரதிநிதியும்

அஞ்சம்மாள் மனைப்பட்டா கேட்டு வட்டாரச் சிறப்பு அலுவலகத்துக்குப் போனது அது பதினோராவது தடவை. அந்தத் தடவைதான் அவளை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, உட்காரச் சொன்னார்கள். அப்போதே அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

எழுபத்து மூன்றாம் வருஷம், வைகாசி மாதம். பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பத்தில் அவள் குடிசை. புருஷன் கலியன் இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் போனான். படகு மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் மடவை மீனும் நண்டும் கூடையில் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து விற்றுவிட்டுப் போவாள். குடிசை இருந்த இடம் பள்ளம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏரித் தண்ணீர் கேட்காமல் உள்ளே வரும். அடுப்பு அணையும், பாய் மிதக்கும். ஒரே மகள் செங்கம்மாள் ஏழு மாதக் கர்ப்பத்தோடு பிரசவத்துக்கு வந்திருந்தாள். குப்பத்துக்கு மேற்கே ரோட்டோர மேட்டில் மூன்று சென்ட் புறம்போக்கு சும்மா கிடந்தது. அதைத்தான் அஞ்சம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மழைக்கு முன்னால் வேண்டும் என்று மனுவில் எழுத வைத்திருந்தாள். எந்த வருஷத்து மழை என்று குறிப்பிடாததால் மனு பரிசீலனையில் இருந்தது.

வட்டாரச் சிறப்பு அலுவலகம் எதற்காகத் திறக்கப்பட்டது என்பதை ஒரு கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தக் கோப்பு மேலிடத்துக்குப் போய்த் திரும்பவில்லை. வாசல் பலகையில் இரண்டு வேலைகள் எழுதியிருந்தன: ஏழைகளுக்கு மனை ஒதுக்குதல், கலை நிகழ்ச்சிகளின் ஒழுக்கத்தை மதிப்பிடுதல். முதல் வேலையை அவர்கள் அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள். இரண்டாவதற்கு அதுவரை வாய்ப்பே வரவில்லை. வைகாசியில் வந்தது.

கும்மிடிப்பூண்டி பஜாரைத் தாண்டி ராஜவேலு என்பவர் ஒரு டூரிங் டாக்கீஸ் நடத்தினார். அந்த வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு பக்திப் படத்துக்குச் சொல்லியிருந்தார். ரயில் பார்சலில் பெட்டி மாறிப்போய், திறந்து ஓட்டிப் பார்த்தால் அமெரிக்கப் படம். நியூயார்க்கில் இரண்டு கறுப்புத் துப்பறியும் போலீஸ்காரர்கள். ஒருவன் குண்டு, ஒருவன் ஒல்லி. துரத்துகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு மறுபடி துரத்துகிறார்கள். ராஜவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபரேட்டர் தணிகாசலம்தான் வழி கண்டுபிடித்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட, "இப்ப குண்டன் இன்னா சொல்றான்னா, 'டேய் கஸ்மாலம், நாஷ்டா துன்ற நேரத்துல இன்னாடா பேஜாரு'ன்றான்" என்று கதை சொன்னான். தணிகாசலத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. அது யாருக்கும் குறையாகப் படவில்லை. 'அமெரிக்க அண்ணன் தம்பி' என்று போஸ்டர் எழுதி ஒட்டினார்கள். பக்கத்து இரும்பு ஆலைக்காரர்கள் ஷிஃப்ட் முடிந்து, குளிக்காமல்கூட, நேராக டென்ட்டுக்கு வந்தார்கள்.

நாலாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அந்தப் படத்தில் கறுப்பர்கள் துப்பறிகிறார்கள், வெள்ளைக்கோட்டுப் பெரிய மனிதர் ஒருவரை மீன் தொட்டியில் தள்ளுகிறார்கள், ஜனங்கள் அதற்குக் கைதட்டுகிறார்கள், இப்படியே போனால் நாளை இங்கேயும் தள்ளுவார்கள் என்று எழுதியிருந்தது. வட்டாரச் சிறப்பு அலுவலர் இராமலிங்கம் கடைசி வரியை மூன்று முறை படித்தார். உடனே டென்ட்டுக்கு முத்திரை வைக்கச் சொல்லிவிட்டு, மதிப்பீட்டுக் குழுவைக் கூட்டினார்.

விதிப்படி குழுவில் நாலு பேர். தலைவர் இராமலிங்கம். கலை அறிஞராக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் புலவர் அரசப்பன். அவர் சினிமா பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது, ஆகவே நடுநிலை உறுதி. செயலாளராக எழுத்தர் சுப்பிரமணி. நாலாவது, பொதுமக்கள் பிரதிநிதியாக ஒரு பெண். இராமலிங்கத்தின் மனைவி குணசுந்தரி பெயரைத்தான் முதலில் எழுதினார்கள். டென்ட் கொட்டகையில் மணலில் உட்காரும் ஜனங்களோடு தனக்கு என்ன வேலை என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டார்.

"வராண்டாவுல ஒரு பொம்பள மீன் கூடையோட உக்காந்திருக்கு சார்," என்றார் சுப்பிரமணி. "வாராவாரம் வருது. வருகையில குறை சொல்ல முடியாது."

அப்படித்தான் அஞ்சம்மாளுக்கு நாற்காலி கிடைத்தது.

"பேர்?"

"அஞ்சம்மா."

"கல்வித் தகுதி?"

"இன்னாது?"

"படிச்சிருக்கியா?"

"கைநாட்டுதான் சார்."

இராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பிரமாதம். அசல் பொதுமக்கள்." எழுந்து நின்று, மேஜை மேல் இருந்த ஆணையை அவளிடம் நீட்டினார். "இந்த நிமிஷம் முதல் தாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் குழுவின் கௌரவ உறுப்பினர். தாங்கள் அமரலாம்."

அஞ்சம்மாள் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"சார், என் பட்டா இன்னா ஆச்சு சார்?"

"அது வேற, இது வேற. பட்டாவுக்கு வந்தா நீ வராண்டாவுல நிக்கணும்," என்றார் இராமலிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் தாங்கள் இந்தப் பணியை நல்லபடியாக முடித்தால் உன் மனுவும் நகரும்" என்றார்.

அவள் அதில் 'நகரும்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் குழு டென்ட்டுக்குப் போனது. முத்திரையைப் பிரித்தார்கள். தணிகாசலம் ஓடிவந்து கும்பிட்டான்.

"சார், பகல்ல படம் தெரியாது சார். கீத்துல ஆயிரம் ஓட்ட. சாயங்காலம் இருட்டினப்புறம்தான் நாங்களே ஓட்டுவோம்."

"அரசு நேரம் பத்து முதல் ஐந்தே முக்கால்," என்றார் இராமலிங்கம். "அதற்குப் பிறகு பார்த்தால் நான் தனிப்பட்ட முறையில் பார்த்ததாக ஆகிவிடும். தனிப்பட்ட முறையில் நான் சினிமா பார்ப்பதில்லை."

தணிகாசலம் போய் மெஷினை ஓட்டினான். திரை முழுக்க வெயில் அடித்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டது, கார் ஓடியது, யாரோ விழுந்தார்கள், யாரோ சிரித்தார்கள். ஒரு உருவமும் தெரியவில்லை. குழு இரண்டு மணி நேரம் வெள்ளைத் துணியை உற்றுப் பார்த்தது. அஞ்சம்மாளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. புலவர் அரசப்பன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் சுப்பிரமணி எழுதினார்: 'படம் காணப்பட்டது. படத்தில் ஒன்றும் காணப்படவில்லை. ஆபாசம் இல்லை.'

அத்தோடு விட்டிருந்தால் படம் பிழைத்திருக்கும். ஆனால் படிவம் ஒன்பதில் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. 'கதாநாயகன் யார்' என்ற இரண்டாவது கேள்விக்கே பதில் எழுத முடியவில்லை. ஆகவே மறுநாள் லாரிக்காரர்களிடம் தார்ப்பாய், ஆலைக் கிடங்கிலிருந்து சாக்கு, குப்பத்திலிருந்து பழைய பாய்மரத் துணி எல்லாம் தருவித்து டென்ட்டின் மேலும் சுற்றிலும் கட்டினார்கள். வைகாசி வெயிலில் உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆனது. படம் தெரிந்தது. தணிகாசலம் மைக்கை எடுத்தான்.

"இப்ப ஒல்லியன் இன்னா சொல்றான்னா..."

"நிறுத்து!" என்றார் இராமலிங்கம். "உன் குரலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா?"

இல்லை. அதனால் படம் இங்கிலீஷிலேயே ஓடியது. இராமலிங்கம் அவ்வப்போது "ஓஹோ" என்றார். புலவர் "ஆங்கிலம் கொச்சையாக உள்ளது" என்றார். அமெரிக்கர்கள் பேசிய ஒரு சொல்லும் அவர்கள் இருவருக்கும் புரியவில்லை என்பது அஞ்சம்மாளுக்கு மட்டும் தெரிந்தது. அவளுக்கும் புரியாததால், புரியாதவர்கள் எப்படி முழிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் கதை அவளுக்குப் புரிந்தது. கறுப்பு ஜனங்கள் குடியிருக்கும் ஒரு தெரு. வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவன் மேடை போட்டுப் பேசுகிறான், கையை ஆட்டுகிறான், புது வீடு கட்டித் தருவதாகப் படம் வரைந்து காட்டுகிறான். ஜனங்கள் தங்கள் வீட்டுப் பத்திரங்களை எல்லாம் கொண்டுவந்து அவனிடம் கொடுக்கிறார்கள். மறுநாள் பத்திரமும் இல்லை, அவனும் இல்லை. அண்ணனும் தம்பியும் தேடக் கிளம்புகிறார்கள்.

"கதாநாயகன் இன்னும் வரவில்லையே," என்றார் இராமலிங்கம் அரை மணி நேரம் கழித்து.

"அந்த ரெண்டு பேர்தான் சார்," என்றாள் அஞ்சம்மாள்.

"அவர்கள் கறுப்பாக அல்லவா இருக்கிறார்கள்? பொறுத்துப் பாருங்கள். இவர்கள் யாரோ ஒரு துரைக்கு வேலையாட்களாக இருப்பார்கள். துரை பின்னால் வருவார்."

வெள்ளைக்கோட்டுக்காரன் திரும்பவும் வந்தபோது இராமலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதோ. என்ன களை! எழுதிக்கொள்ளும், சுப்பிரமணி: கதாநாயகன் வந்துவிட்டார்."

கதாநாயகனை அண்ணனும் தம்பியும் மீன் மார்க்கெட்டுக்குள் துரத்தினார்கள். பத்திரங்கள் அங்கேதான், ஒரு ஐஸ் பெட்டியில், மீனுக்கு அடியில் இருந்தன. குண்டன் ஐஸில் வழுக்கி, மீன் குவியல் மேல் உட்கார்ந்தபடியே மார்க்கெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனான். வழியில் ஒரு நண்டு அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டது. மீன்காரி ஒருத்தி தராசுத் தட்டால் வெள்ளைக்கோட்டின் தலையில் போட்டாள். அவன் தொட்டிக்குள் விழுந்தான்.

அஞ்சம்மாள் சிரித்தாள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை. கலியன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. "ஐயோ, நண்ட அப்டியா புடிப்பாங்க! பின்னாங்கால புடிடா கேனயா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். மெஷினுக்குப் பின்னால் தணிகாசலமும் சிரித்தான். புலவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடனே அவர் "அஃது இருமல். பதிவு செய்ய வேண்டா" என்றார்.

ஒரே ஒரு இடத்தில் அவள் சிரிப்பு நின்றது. பத்திரம் போன ஒரு கிழவி ஒரு அலுவலகத்து வாசலில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே இருப்பவன் அவளைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துகிறான். கிழவி போகவில்லை, கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். அஞ்சம்மாள், "அதுவும் நம்மளாட்டம் நிக்குது பாரு," என்றாள் மெதுவாக. பக்கத்தில் இருந்த சுப்பிரமணிக்குக் கேட்டது. அவர் பேனாவை எடுத்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

படம் முடிந்ததும் பதினேழாவது கேள்விக்கு வந்தார்கள்: 'நகைச்சுவைப் படமெனில், நகை எழுந்ததா? எத்தனை முறை? எவருக்கு?'

"இருபத்து மூணு தடவ சார். அஞ்சம்மாவுக்கு," என்றார் சுப்பிரமணி.

"அது செல்லாது," என்றார் இராமலிங்கம். "அவர் பிரதிநிதியாகச் சிரித்தாரா, தனிப்பட்ட முறையில் சிரித்தாரா என்று தெரிய வேண்டும்."

"மீன் விற்போர் மீனைக் கண்டால் நகைப்பது தொழிற்பழக்கம்," என்றார் புலவர். "அதனைச் சுவை என்று கொள்ளலாகாது."

"நான் தினம் மீனப் பாத்துக்கினுதான் கீறேன். ஒரு நாளும் சிரிப்பு வந்தது இல்ல," என்றாள் அஞ்சம்மாள்.

அது பதிவு செய்யப்படவில்லை. சிரிப்பு உண்மையானதா என்று சோதிக்க அடுத்த நாள் மூன்றாவது முறை படம் ஓட்டப்பட்டது. சுப்பிரமணி அஞ்சம்மாளுக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி படத்தை விட வேடிக்கையாக இருந்ததால் அவள் முப்பத்தொரு தடவை சிரித்தாள். எண்ணிக்கை பொருந்தாததால் இரண்டு சிரிப்புகளும் தள்ளுபடி செய்யப்பட்டன.

ஒன்பது நாள் கழித்து அறிக்கை தயாரானது. ஐம்பத்திரண்டு பக்கம். இராமலிங்கம் அதை மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு சிறு உரை நிகழ்த்தினார்.

"நண்பர்களே, ஒரு கலைப்படைப்பை மதிப்பிடுவது எளிதல்ல. பார்த்தவுடன் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லப் பாமரனால் முடியும். நமக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எனக்கு எது பிடிக்கும் என்று என் மேலதிகாரி இதுவரை எனக்குச் சொன்னதில்லை. ஆகவே நான் பாரபட்சமற்றவன். இந்தப் படத்தில் கறுப்பர் துப்பறிகிறார். என் முப்பதாண்டுச் சேவையில் நான் அப்படி ஒருவரைக் கண்டதில்லை. ஆகவே அது நம்பத்தகுந்ததல்ல. பொறுப்பிலுள்ள ஒருவர் மக்களிடம் காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்கிறார். அதில் என்ன குற்றம்? நானும்தான் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்காக அவரை மீன் தொட்டியில் தள்ளுவதைக் கண்டு என் நெஞ்சு பதறியது. அந்த இடத்தில் நான் என்னையே கண்டேன்."

புலவர் கைதட்டினார். சுப்பிரமணி, கைதட்டல் என்று குறித்துக்கொண்டார்.

"இப்போது தாங்கள் கைநாட்டு வைக்கலாம்," என்று மைப்பெட்டியை அஞ்சம்மாள் பக்கம் தள்ளினார் இராமலிங்கம்.

"இன்னா எய்திக்கீதுன்னு படிங்க சார்."

இராமலிங்கத்துக்கு அது புதுசு. இதுவரை அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. ஆனால் விதியில் இடமிருந்ததால் சுப்பிரமணி அவளைப் பற்றிய பத்தியை மட்டும் படித்தார்: 'பொதுமக்கள் பிரதிநிதி, கறுப்பர்களின் அடாத செயல் கண்டு நாணி, முந்தானையால் முகம் மூடிக் கண்ணீர் உகுத்தார். இப்படம் நகைச்சுவை அன்று என்பதற்கு அக்கண்ணீரே சான்று.'

"நான் எங்க சார் அழுதேன்?"

"கண்ணில் தண்ணீர் வந்ததா, இல்லையா?"

"வந்தது. சிரிச்சி சிரிச்சி வந்தது."

"தண்ணீர் வந்தது ஒப்புக்கொள்ளப்படுகிறது," என்றார் இராமலிங்கம் சுப்பிரமணியிடம். பிறகு இழுப்பறையைத் திறந்து, அஞ்சம்மாளின் மனுவை எடுத்து அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். "இதோ உன் மூன்று சென்ட். தாங்கள் இதில் கைநாட்டு வைத்தால், நான் அதில் கையெழுத்து வைப்பேன். ஒரே மை."

அஞ்சம்மாள் மைப்பெட்டியைப் பார்த்தாள். போன பௌர்ணமிக்கு முழங்கால் தண்ணீரில் செங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. "நாளைக்கு வரேன் சார்," என்று கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் தணிகாசலம் காத்திருந்தான். டென்ட்டுக்கு முத்திரை வைத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

"வெச்சுடுக்கா," என்றான் அவனே. "படம் எப்படியும் மெட்ராஸுக்குத் திரும்பப் போவுது. உனக்கு ஊடாச்சும் கெடைக்கட்டும்."

"படம் கெட்டதுன்னு எய்தினா உங்க கொட்டாய தொறக்க உடுவானா?"

"ஆறு மாசம் மூடுவாங்களாம். எனக்கின்னா, இரும்பு ஆலையில மூட்ட தூக்குவேன்."

அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். பஸ் வந்தது, போனது.

"அந்த ரெண்டு பேரும் இன்னா பண்ணாங்க? உயுந்து பொறண்டு, அந்தக் கெயவி பத்திரத்த தேடிக் கண்டுபுடிச்சி, ஈரம் தொடச்சி, அது கையில குடுத்தாங்க. அவ்ளோதான பண்ணாங்க? அதப் பாத்து நான் வெக்கப்பட்டு அழுதேன்னு கைநாட்டு வெச்சா, தண்ணியில கீறது மேலுடா தம்பி."

மறுநாள் அவள் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. "சிரிச்சேன்னு எய்துங்க, வெக்கிறேன்," என்று நின்றபடியே சொன்னாள். இராமலிங்கம் எழுதவில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

நாலு பேர் ஒப்பமில்லாமல் அறிக்கை போகாது. இராமலிங்கம் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சுப்பிரமணி, அவள் மனுவில் கைநாட்டு இருக்கிறதல்லவா?"

"இருக்கு சார். அது மனைக்கு வெச்சது."

"விரல் ஒன்றுதானே? எந்தக் காகிதத்தில் வைத்தால் என்ன? மனுவை அறிக்கையின் கடைசிப் பக்கமாகச் சேர்த்துத் தைத்துவிடும்."

சுப்பிரமணி, "சார்..." என்று ஆரம்பித்தார். அவருக்கு ஓய்வுபெற நாலு வருஷம் இருந்தது. கோணி ஊசியை எடுத்துத் தைத்தார். ஐம்பத்துமூன்று பக்கமும் மேலிடத்துக்குப் போயின. படமும் பெட்டியில் ஏறி மெட்ராஸுக்குப் போயிற்று. டென்ட் மூடிக் கிடந்தது. ஆடி அமாவாசைத் தண்ணீரில், கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தி, அதன் மேல் செங்கம்மாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

ஆவணி முடியும்போது மேலிடத்து ஆணை வந்தது. இராமலிங்கம் அஞ்சம்மாள் நீங்கலாகக் குழுவைக் கூட்டி, எழுந்து நின்று, தாமே படித்தார்.

"'ஒன்று. மேற்படி அமெரிக்க அண்ணன் தம்பி என்போர் வீடின்றி நீர் புகும் பள்ளத்தில் வாழும் ஏழைகள் என்பது இணைக்கப்பட்ட பக்கங்களிலிருந்து தெளிவாவதால், அவர்களுக்கு ரோட்டோர மேட்டில் மூன்று சென்ட் மனை இதன்மூலம் ஒதுக்கப்படுகிறது.'"

தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"'இரண்டு. மேற்படி அஞ்சம்மாள், பதினோரு ரீல், பொது ஒழுக்கத்துக்கு ஊறு விளைப்பதாகக் குழு ஒருமனதாகக் கருதுவதால், இவ்வட்டாரத்தில் எங்கும், எவ்வடிவிலும், அரசு அலுவலர் உட்பட எவர் பார்வைக்கும் காட்டப்படலாகாது.'"

மின்விசிறி சுற்றியது.

"சார், மாறிப்போச்சு சார்," என்றார் சுப்பிரமணி.

"மேலிடத்தில் மாறாது," என்றார் இராமலிங்கம். "மாறியதாக நமக்குத் தோன்றினால் நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். திருப்பி எழுதிக் கேட்டால், மனு எப்படி அறிக்கைக்குள் வந்தது என்று கேட்பார்கள்." கடைசி வாக்கியத்தைச் சொன்னபோதுதான் அவருக்கே அதன் அர்த்தம் புரிந்தது. "ஆணை அப்படியே நிறைவேற்றப்படும்," என்றார்.

நிறைவேற்றினார்கள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். நாலு மூலையிலும் கல் நட்டார்கள். 'மனை எண் 14. அமெரிக்க அண்ணன் தம்பி' என்று பலகை அடித்தார்கள். பயனாளிகள் முப்பது நாளைக்குள் ரேஷன் கார்டோடு நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நியூயார்க்கிலிருந்து யாரும் வரவில்லை.

முப்பதாம் நாள் அஞ்சம்மாள் வந்தாள், இடுப்பில் பேத்தியோடு. அவளைப் பார்க்கக் கூடாது என்பதால் இராமலிங்கமும் புலவரும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். சுப்பிரமணி மட்டும் கீழே குனிந்து, விதிப் புத்தகத்தைப் பார்த்தபடி பேசினார்.

"பயனாளி ஊர்ல இல்லன்னா, ரத்த சொந்தம் யாராச்சும் மனையில குடியிருந்து காவல் பாக்கலாம்னு விதி பன்னெண்டு சொல்லுது." இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. யாரும் அவரைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. "நீ அவங்களுக்கு இன்னா வேணும்?"

அஞ்சம்மாள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு, "அக்கா," என்றாள்.

"இவர் அமெரிக்கர்க்கு எவ்வாறு தமக்கை ஆவார்?" என்று புலவர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். "சான்று வேண்டும்."

இராமலிங்கம் ஓரக்கண்ணால், விதிக்கு உட்பட்ட அளவில், அஞ்சம்மாளின் கையைப் பார்த்தார்.

"நிறம் ஒத்துப்போகிறது," என்றார். "எழுதும்."

"ஒத்துப்போவும் சார்," என்றாள் அஞ்சம்மாள். "ஒங்க கையையும் கொஞ்சம் பக்கத்துல வெச்சிப் பாருங்க. நீங்களும் சித்தப்பன் மொறை ஆவீங்க."

இராமலிங்கம் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சுப்பிரமணி எழுதி முடித்து, மைப்பெட்டியை நகர்த்தினார். இந்தத் தடவை என்ன எழுதியிருக்கிறது என்று அவரே முழுக்கப் படித்துக் காட்டினார். அவள் கைநாட்டு வைத்தாள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மேட்டில் குடிசை எழும்பிவிட்டது. இரும்பு ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தணிகாசலம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து கீற்று வேய்ந்து கொடுத்தான். டென்ட்டில் பாய்மரத் துணி கட்டியவர்கள் பாதிப் பேர் மூங்கில் கொண்டுவந்தார்கள்.

மார்கழியில் மனையைப் பார்வையிட சுப்பிரமணி அனுப்பப்பட்டார். ஆணையின் இரண்டாம் பிரிவு அமலில் இருப்பதால் அஞ்சம்மாளைப் பார்த்துவிட வேண்டாம் என்று இராமலிங்கம் எச்சரித்து அனுப்பியிருந்தார். அவர் பதினொன்றரை பஸ்ஸில் இறங்கி, பலகையைச் சரிபார்த்து, கல்லை எண்ணி, குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். தரை காய்ந்திருந்தது. தூளியில் குழந்தை தூங்கியது.

"உக்காருங்க சார். சாப்ட்டு போங்க," என்றாள் அஞ்சம்மாள்.

அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு, பார்வைப் புத்தகத்தை மடியில் விரித்து, நிதானமாக எழுதினார்:

'மனையில் ஆள் எவரும் காணப்படவில்லை. அடுப்பு எரிகிறது. மடவைக் குழம்பு நன்றாக இருந்தது.'